பதினேழாம் நம்பர் பிளேட்

1. மச்சம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பெண்ணின் மச்சத்தை அழித்துவிட்டேன்.

மைசூர் மண்டி மொஹல்லாவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த போட்டோ ஸ்டூடியோ அது. எனக்குப் பத்தொன்பது வயது. நெகட்டிவ் டச்சிங் வேலை. கீழே விளக்கு எரியும் சாய்வான கண்ணாடிமேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கும் புள்ளிகளை நிரப்ப வேண்டும். நெகட்டிவில் வெளிறித் தெரிகிற இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். அதை மூடிவிட்டால் பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் போய்விடும். எது பரு, எது மச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.

மறுநாள் பிரிண்டை வாங்க வந்த பெண் கவுன்ட்டரிலேயே நின்று பார்த்தாள். "இது என் தங்கச்சி மாதிரி இருக்கு. என் மச்சம் எங்க?" என்றாள்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு நெகட்டிவைத் துடைத்தார். மச்சம் வந்துவிட்டது. "பென்சில் வேலையில இது ஒரு சௌகரியம் ஸ்டெல்லா. அழிச்சது திரும்ப வரும்" என்றார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஃபோட்டோஷாப் வந்தது. முப்பத்தேழு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் 'டிரெஸ்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. கோட்டு, சஃபாரி, பட்டுப் புடவை, போலீஸ், நர்ஸ் எல்லாம் கழுத்துக்குக் கீழே மட்டும் தயாராக இருக்கும். முகத்தை வெட்டி மேலே பொருத்த வேண்டியதுதான். உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் கோட்டுப் போடாதவர்கள் நிறையப் பேர் என் கையால் கோட்டுப் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

2. முப்பத்தொரு பேர்

சில வருஷங்களுக்கு முன், கொள்ளேகால் போகும் வழியில் உள்ள ஒரு சின்ன ஊரிலிருந்து சுபேதார் சிக்கண்ணா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். பட்டாளத்தில் தமிழர்களோடு நெடுநாள் இருந்ததால் தமிழ் பேசுவார். நடுவில் கன்னடம் வந்து விழும்.

அவர்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். போருக்குப் போன ஊர்க்காரர்கள் நினைவாக. வளைவான ஒரு சுவர், அதில் முப்பத்தொரு பேரின் படம், கீழே பெயர். அதில் ஒன்பது பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

"நோடி மேடம், எல்லாரும் ஒரே சைஸ். நெஞ்சு வரைக்கும். யூனிஃபார்ம். கண்ணு நேரா முன்னாடி. பரேட்ல நிக்கற மாதிரி. செத்தவங்க, இருக்கறவங்க எல்லாம் ஒரே லைன்" என்றார்.

படத்தைத் தாளில் அச்சடித்து, வெள்ளைப் பீங்கான் பிளேட்டில் ஒட்டிச் சூளையில் சுட வேண்டும். சுட்டபிறகு வெயிலும் மழையும் ஒன்றும் செய்யாது. திருத்தவும் முடியாது.

பாதிப் பேருக்குமேல் யூனிஃபார்ம் போட்ட படம் இருந்தது. மற்றவர்களுக்குக் கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு, பேரன் செல்போனில் எடுத்தது. சிக்கண்ணா வாரத்தில் மூன்று நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அந்த நேரத்தில் சந்தில் ஒரு கடையும் திறந்திருக்காது. நாங்கள் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வேலை செய்வோம். ரிப்பன் எந்த வரிசையில் வரவேண்டும், தொப்பி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

"இந்தப் பக்கம் சாய்ங்க மேடம். இல்லேன்னா எழுந்து வந்து என்னைத் திட்டுவான்."

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி சொல்வார். இவன் தண்ணி லாரி டிரைவர். இவன் சிக்னல்ஸ், வாயே திறக்க மாட்டான். இவன் ரெண்டு சண்டை பாத்துட்டு ஊருக்கு வந்து மாடு முட்டிச் செத்தான்.

ஒரு முகத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கினால் அது முகமாக இருக்காது. மேடு, பள்ளம், காய்ந்த ஓடை. காலை முழுவதும் அதற்குள் நடந்துவிட்டு டீ குடிக்க வெளியே வந்தால், சந்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறவர்களின் தோளிலெல்லாம் பட்டை இருப்பதுபோல் தெரியும். யாரோ என்னை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். பயமாக இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்த முதல் நிமிஷம் போல இருக்கும், அவ்வளவுதான்.

3. பனி

பதினேழாம் நம்பர் படம் சிக்கண்ணாவின் ஃபைலில் வரவில்லை. அதை, படத்தில் இருந்தவரின் மகளே கொண்டுவந்தார். பெயர் கலாவதி. மைசூரில் கன்னட மீடியம் பள்ளி ஒன்றில் டீச்சர், வீட்டில் தமிழ். துண்டில் சுற்றி, ஃபிரேமோடு கொண்டுவந்திருந்தார்.

"நிதானமா எடுங்க மேடம். கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கு."

வடக்கே பனிமலையில் நடந்த சண்டையின்போது எடுத்த கலர் போட்டோ. நிறம் மங்கி எல்லாம் ரோஜாச் சிவப்பாகிவிட்டிருந்தது. பின்னால் வெள்ளை மலை. ஒரு பெட்டிமேல் ஒரு சிப்பாய், கழுத்தில் துண்டு கட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பின்னால் தடித்த ஸ்வெட்டர் போட்ட ஒருவர் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் கலாவதியின் அப்பா, குருசாமி. பட்டாளத்தில் முடிவெட்டும் வேலையில் இருந்தவர்.

"இது ஒண்ணுதான் இருக்கு. சும்மனே முகம் மட்டும் எடுத்துக்கிட்டு யூனிஃபார்ம் போட்டுடுங்க. அப்புறம்..." என்று கொஞ்சம் தயங்கினார். "தோள்ல ரைஃபிள் தெரியற மாதிரி பண்ண முடியுமா? குழல் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"சுபேதார் சார் சரின்னுட்டாரா?"

"அவரு ரைஃபிள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், என் பொண்ணுக்கு நிச்சயம் ஆகப்போகுது. ஹெப்பாள்ல ஒரே ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பையன். அவங்க வேற ஆளுங்க. தாத்தா மிலிட்டரின்னு சொல்லியிருக்கோம். ஃபங்ஷனுக்கு அவங்களும் வராங்க. அந்தக் கத்தரிக்கோல் வேண்டாம். அந்த ஊர்ல சின்ன வயசுல எங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்குப் புரிந்தது. சரி என்று எழுதிக்கொண்டேன்.

மூன்று நாள் அந்தப் பனிக்குள் இருந்தேன். வெளியே மைசூரில் ஏப்ரல் வெயில். ஷட்டர் தொட்டால் சுடும். உள்ளே திரையில் வெளிச்சம் மலையிலிருந்து கீழே வழிந்து அந்த மனிதரின் தாடையில் விழுந்துகொண்டிருந்தது. சிவப்பைக் குறைக்கக் குறைக்க நீலம் வந்தது. முடியை ஒவ்வொன்றாகப் பிரித்து வெட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தபோது, அவர் வாயருகே லேசான ஒரு புகை தெரிந்தது. முதலில் பூஞ்சைக் கறை என்று நினைத்து அழிக்கப் போனேன். அது கறை இல்லை, அவர் விட்ட மூச்சு. குளிரில் தெரிந்த மூச்சு. கொஞ்ச நேரம் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் அழித்தேன்.

பெரிய சிக்கல் கண்கள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. கீழே, அந்தச் சிப்பாயின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. இமையைக் கொஞ்சம் தூக்கி, கருவிழியை நகர்த்தி நடுவில் வைத்தேன். சிரிப்பை மூடினேன். யூனிஃபார்ம் போட்டு, தோளுக்குமேல் துப்பாக்கிக் குழலை வைத்தேன். கச்சிதமாக இருந்தது. கலாவதி வந்து பார்த்து, புரூஃபின் பின்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

4. "இது யாருங்க?"

பிளேட் சுடக் கொடுப்பதற்கு முன், எல்லாப் புரூஃபையும் குடும்பத்தார் பார்க்க வேண்டும் என்று சிக்கண்ணா டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்பாடு செய்திருந்தார். நானும் பஸ் பிடித்துப் போனேன். வழியெல்லாம் கரும்புக் காட்டுமேல் வெண்மையாக ஒரு மூட்டம். பூங்காவில் புல் அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. சுவர் வெறுமையாக நின்றது. அதற்கு முன்னால் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு முப்பத்தொரு படங்களையும் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தோம்.

பத்து மணிக்குக் கூட்டம் குறைந்தபிறகு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது படத்தில் நின்றார்.

"ஏனுங்க, இவருக்கு வகிடு இந்தப் பக்கமில்லீங்களே. கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளிச்சம் பொருந்துவதற்காக அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தேன். படத்தில் இருந்தவருடைய மனைவியும் மகனும்கூடப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாளத்த விட்டு வந்தப்புறம் பஸ் ஸ்டாண்டுகிட்டக் கடை போட்டிருந்தனுங்க. இவங்க தலையெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் சாதாரணமாக.

அப்போதுதான் அவர் யார் என்று புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பதினேழாவது படத்துக்கு வந்துவிட்டார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது யாருங்க?"

"நீங்கதாங்க" என்றேன்.

"நானா?" கொஞ்சம் சிரித்தார். "முடியென்னமோ என்ற முடியாட்டத்தான் இருக்குது. ஆளு வேறயாட்டத் தெரியுது. இந்தக் கண்ணு என்ற கண்ணில்லீங்க."

அவர் விரலால் துப்பாக்கிக் குழலைத் தொட்டார். "இதும் என்றதில்லீங்க. டிரெயினிங்ல புடிச்சதோட சரி." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் எங்கீங்க?"

"யாரு?"

"உக்காந்திருந்தவன். அவன ஏனுங்க வெட்டுனீங்க?"

சிக்கண்ணா அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். "குருசாமி, அவன் நம்ம ஊர்க்காரன் இல்லப்பா. இந்தச் சுவத்துல நம்ம ஊர்க்காரங்க மட்டும்தான்" என்றார்.

குருசாமி தலையாட்டினார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏரியில் மூட்டம் கலையாமல் இருந்தது. அவர் யாரையும் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"மேல ஏறுறதுக்கு மொத நாளு பதினோரு பேரு வந்தாங்க, முடி வெட்டச் சொல்லி. அங்க வெந்நி இறக்கி வச்சா கை வைக்கறதுக்குள்ள ஆறிப்போயிரும். கத்தரிய அக்குள்ல வச்சுச் சூடு பண்ணிப் பண்ணித்தான் வெட்டோணும். இல்லீனா காதுல பட்டா ஒட்டிக்கும். இவன் கடைசி ஆளு. பேரு மோகன். மலைக்காரன். 'உஸ்தாத், லீவுல ஊருக்குப் போறப்ப வெட்டுற மாதிரி வெட்டு'ன்னான். அதக் கேட்டுத்தான் சிரிச்சனுங்க. அந்நேரம் பாத்து எவனோ போட்டோ புடிச்சுட்டான். மக்கா நாளு சேதி வந்துச்சு. நாலு பேரு இல்லைன்னாங்க. இவனும் இல்ல. அவன் கழுத்துல கட்டுன துண்டு அங்கயே கெடந்துச்சு. முடி அப்படியே இருந்துச்சுங்க அதுல. உதறுறதா வேண்டாமான்னு தெரியாம அதப் புடிச்சுக்கிட்டே நின்னுட்டு இருந்தன்."

பிறகு என்மேல் கோபம் இல்லை என்று சொல்வதுபோல் கையை அசைத்தார். "அவன் பேரு வேண்டாமுங்க. ஊர்க்காரன் இல்லைதான். தலை இருந்தாப் போதும். நான் பாத்துட்டிருந்தது அதத்தானுங்க."

சிக்கண்ணா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நானும் மேல ஏறினவன்தான் மேடம்" என்றார் கடைசியில். "ஏறுறதுக்கு முன்னாடி நானும் ஒருத்தன் முன்னாடி தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். கை மட்டும் ஞாபகம் இருக்கு. முகத்தைப் பாக்கவே இல்ல." குருசாமியின் புரூஃபை எடுத்து இரண்டாக மடித்தார். "ரூல் போட்டது நான். பதினேழாம் நம்பருக்கு மட்டும் ஒரிஜினல்ல இருக்கற மாதிரியே போடுங்க. நெஞ்சு வரைக்கும்தான். அதுல எது தெரியுதோ தெரியட்டும்."

5. போன்

செவ்வாய்க்கிழமை கலாவதியிடமிருந்து போன் வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனு மேடம் இது? போட்டோ கொண்டாந்தது நான். கையெழுத்துப் போட்டது நான். என்னைக் கேக்காம எப்படி மாத்தினீங்க?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் தொழிலில் படத்தைக் கொண்டுவருகிறவர்தான் கஸ்டமர். அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும். அதுவரை எல்லா வருஷமும் அப்படித்தான் செய்திருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"முகம் அவரோடது டீச்சர். அவரே வந்து இது நான் இல்லைன்னுட்டார். அதுக்கப்புறம் எப்படிக் குடுக்கறது?"

"இத்தனை வருஷமா நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பேரை விட்டு வெளிய வந்தேன்னு அவருக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலை. இப்ப கல்லுல அடிச்சு வைக்கறீங்க."

"அந்த உக்காந்திருக்கறவர் யாருன்னு அப்பாவைக் கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு தரம் கேளுங்க. நான் சொல்றதைவிட அவர் சொன்னா நல்லது."

போனை வைத்துவிட்டார். நான் வெகுநேரம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கமும் சரியாக இருந்தது. பெரியவர் பக்கமும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பிளேட் சுட ஃபைல் போக வேண்டும். ஒன்பதாவது படத்தை மறுபடி நேராகத் திருப்பினேன். பதினேழில் யூனிஃபார்மையும் துப்பாக்கிக் குழலையும் எடுத்துவிட்டு, கருவிழியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன். சிரிப்பைத் திறந்தேன். வாயருகே இருந்த அந்த மூச்சையும் திரும்பக் கொண்டுவந்தேன். கீழ்விளிம்பில் அந்தச் சிப்பாயின் தலை, நெற்றி வரைக்கும் மட்டும், அதற்குமேல் கத்தரிக்கோல். சேவ் பண்ணி அனுப்பினேன்.

6. சுவர்

திறப்பு விழா காலை எட்டு மணிக்கு. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதம். அதனால் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஏரியிலிருந்து பனி எழுந்து பூங்கா முழுவதும் நின்றது. ஆட்கள் அதற்குள் மெதுவாக நடந்தார்கள். பேசினால்கூடத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். உயிரோடு இருந்த ஒன்பது பேரும் மெடல் குத்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆளாகக் குருசாமி. அவர் சட்டையிலும் ஒரு மெடல் இருந்தது.

பெயர்களை வாசித்தார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் பியூகிள் ஊதினார். நடுவில் மூச்சு வாங்கி ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஊதினார். திரையை இழுத்தார்கள்.

முப்பது பேர் நேராக என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கீழே குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சுவரை நோக்கி வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, பிளேட்டைக் கையால் தொட்டது. சிலர் முந்தானையால் துடைத்தார்கள். ஒரு அம்மாள் பிளேட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையால் செய்த யூனிஃபார்ம்கள், என் கையால் சாய்த்த தொப்பிகள். அவர்கள் அதைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள்.

கலாவதி வாசலருகிலேயே நின்றார். பக்கத்தில் அவர் மகள், மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையன், பையனின் அப்பா அம்மா. வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்திருந்தார். மற்றவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுத் தனியாகச் சுவருக்கு வந்தார். என்னைப் பார்த்தார். பதினேழாம் நம்பருக்கு முன்னால் நின்றார்.

"அப்பா வீட்டு ஹால்ல இத்தனை வருஷமா மாட்டியிருந்த போட்டோ" என்றார் கடைசியில். "அப்பா சிரிக்கறதை மட்டும்தான் பாத்திருக்கேன். யாரைப் பாத்துச் சிரிக்கறார்னு பாத்ததே இல்ல."

குருசாமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தார். மகள் பக்கத்தில் போய் நின்றார்.

"இது யாருப்பா?" என்று கேட்டார் கலாவதி.

"மோகன்னு ஒருத்தன் கண்ணு" என்று அவர் ஆரம்பித்தார்.

நான் தள்ளிப் போய்விட்டேன். அது எனக்கான பேச்சு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தபோது, குருசாமி தன் அக்குளில் கையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கலாவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்தார். எல்லாரும் பெயருக்குக் கீழே இருந்த சின்னத் திட்டில் பூ வைத்தார்கள். அவர் பிளேட்டின் கீழ்விளிம்பில், அந்தத் தலை தெரியும் இடத்தில் பூவை அழுத்தி வைக்கப் பார்த்தார். நிற்கவில்லை, விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் விழுந்தது. அப்பா கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

பையனின் அம்மா அதற்குள் அங்கே வந்து ஏதோ கேட்டார். கலாவதி சொன்ன பதில் எனக்குக் கேட்டது. கன்னடத்தில், வகுப்பில் பேசுகிற தெளிவான குரலில் சொன்னார். எங்கப்பா பட்டாளத்தில் முடிவெட்டினவர், இதோ வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று.

அந்த அம்மாள் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். கல்யாணம் நடந்தது என்று சிக்கண்ணா பின்னால் போனில் சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குரூப் போட்டோவைக் கொடுத்து ஒரு முகத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். தினம் நாலைந்து வரும். எடுத்துக் கொடுங்கள், அது நம் வேலை. ஆனால் வெட்டுவதற்கு முன், பக்கத்தில் இருக்கிறவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேர் தெரியாது என்பார்கள். சிலர் சொல்ல ஆரம்பிப்பார்கள், அரைமணி நேரம் போகும், கவுன்ட்டரில் ஆட்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும்.